அழிக்கும் கட்டளையை முதல் வரியில் எழுதியது நான்தான்

ஞாயிற்றுக்கிழமை பெம்பான் வீட்டுக்குப் போனால் எனக்கு இரண்டு வேலைகள் காத்திருக்கும். ஒன்று, அம்மா சுடும் தோசையைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிடுவது. இன்னொன்று, யாராவது கொண்டுவரும் கைப்பேசியைச் சரிசெய்து கொடுப்பது. நான் படித்தது ஊடகத் துறை, வேலை செய்வது வானொலியில். ஆனால் 'ரேடியோவுல இருக்கிற புள்ளைக்கு போன் தெரியாமலா இருக்கும்?' என்பது எங்கள் குடும்பத்தின் கணக்கு. இத்தனை ஆண்டுகளில் அந்தக் கணக்கை என்னால் திருத்த முடியவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, சித்தப்பா மகன் பசியாற வந்தார். கையில் பெரிய மிலோ டின். அண்ணனுக்குச் சொந்தமாகச் சிறிய லோரி நிறுவனம் இருக்கிறது. ஒன்பது லோரிகள், பன்னிரண்டு கைப்பேசிகள். ஜாசின், மெர்லிமாவ், செலண்டார், ஆசகான் என்று சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கு உரமும் வீடுகளுக்குத் தளவாடமும் ஏற்றிப் போகிறார்கள். டின்னைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். ஐந்து கைப்பேசிகள். கண்ணாடி உடையவில்லை, மின்கலமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

"வேலையை விட்டுப் போனவங்க திருப்பிக் கொடுத்த போன் தங்கச்சி. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா தொடங்கலாம்னு பார்த்தா, பழைய ஜிமெயில் கேட்குது. அவங்களுக்கே மறந்துபோச்சாம்."

யாரும் வேண்டுமென்று செய்த தப்பு இல்லை. கைப்பேசி திருடு போனால் திருடனுக்குப் பயன்படக்கூடாது என்பதற்காக 2015 முதல் ஆண்ட்ராய்டில் இருக்கும் காவல் அது. வெளியிலிருந்து முழுவதும் அழித்தாலும், கடைசியாக இருந்த கூகுள் கணக்கின் மறைச்சொல்லைக் கொடுத்தால்தான் திறக்கும். கம்பெனி கைப்பேசியில் ஓட்டுநர் தம் சொந்தக் கணக்கைப் போட்டார். அவர் போனதும் சாவியும் அவரோடு போய்விட்டது. ரசீது வைத்திருந்த மூன்றைச் சேவை மையத்தில் காட்டித் திறந்தோம். மீதி இரண்டு இன்னும் அந்த டின்னில்தான் இருக்கின்றன.

டின்னில் இல்லாத ஆறாவது கைப்பேசிதான் எனக்குப் பெரிய கவலையாகத் தோன்றியது. இரண்டு மாதங்களுக்கு முன் ஜாசின் சந்தையில் அது தொலைந்துபோனது. வாடிக்கையாளர்களின் வீட்டு முகவரி, கையெழுத்து, சரக்கைப் பெற்றுக்கொண்டவரின் அடையாள அட்டைப் படம் எல்லாம் அதில் இருந்தன. திரைக்குப் பூட்டுகூடப் போடவில்லை.

"அதுல என்னா இருக்கு, வெறும் படம்தானே" என்றார் அண்ணன்.

வெறும் படம் இல்லை. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 2024இல் அதைத் திருத்தினார்கள். 2025 ஜூன் 1 முதல், தரவுக் கசிவு ஏற்பட்டு அதனால் பெரும் பாதிப்பு வரக்கூடும் என்றால், 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் வெள்ளி வரை போகலாம். இந்தச் சட்டம் கோலாலம்பூர் வங்கிக்கும் உண்டு, பெம்பானில் ஒன்பது லோரி வைத்திருப்பவருக்கும் உண்டு.

அன்றுதான் 'எம்.டி.எம்.' என்ற மூன்று எழுத்து எங்கள் வீட்டு மேசைக்கு வந்தது. கைப்பேசி நிர்வாக முறை என்று சொல்லலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் வானொலி நிலையத்துத் தொழில்நுட்பப் பிரிவு நண்பர்களிடம் ஒரு வாரம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நேயர்கள் குரல் பதிவு அனுப்பும் எங்கள் நிலையக் கைப்பேசிகளும் அப்படித்தான் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அந்த வாரம் வரை எனக்கே அது தெரியாது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பெரட்டுக் களத்தில் கிராணி கையில் செக்குரோல் இருக்கும். யார் வந்தார், யாருக்கு எந்த நிரை, எந்தக் கத்தி, எந்த வாளி, எல்லாம் அதில் பதிவாகும். வேலையை விட்டால் கத்தியும் வாளியும் ஸ்டோருக்குத் திரும்ப வேண்டும். எம்.டி.எம். என்பது கைப்பேசிகளுக்கான செக்குரோல். ஒரு வித்தியாசம்: இந்தக் கிராணி உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தியைப் பூட்டவும் முடியும், இல்லாமல் ஆக்கவும் முடியும்.

இது புதிய சங்கதியும் அல்ல. பிளாக்பெரி நிறுவனம் 1999இலேயே அலுவலகங்களுக்காக இப்படி ஒரு சேவையகத்தைக் கொண்டுவந்தது. ஐபோனுக்கு 2010இல் வந்தது. சாம்சங் 2013இல் நாக்ஸை அறிவித்தது. ஆண்ட்ராய்டில் வேலைக்கும் சொந்த வாழ்க்கைக்கும் தனித்தனி அறை பிரிக்கும் வசதி 2014இல் வந்தது. இந்தத் தொழிலில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1996இல் வேறு பெயரில் தொடங்கி இன்று ஸோகோ என்று உலகம் அறியும் நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு இத்தகைய மென்பொருளைத் தயாரிக்கிறது. 25 கருவிகள் வரை கட்டணமில்லாத பதிப்பும் அவர்களிடம் உண்டு. மைக்ரோசாப்டின் இன்டியூனும் பெரிய அலுவலகங்களில் பரவலாக இருக்கிறது. நாங்கள் எதை எடுத்தோம் என்பது இங்கே முக்கியமில்லை. அடிப்படை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தோம். முதலில் கணினியைத் தொடவில்லை. ஒரு நோட்டில் பன்னிரண்டு கைப்பேசிகளின் வரிசை எண், வாங்கிய தேதி, யாரிடம் இருக்கிறது என்று எழுதினோம். இதற்கே இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு கைப்பேசி அண்ணியின் தம்பியிடம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து, நிறுவனத்துக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு திறந்தோம். சிறு தொழில் செய்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். நிர்வாகக் கணக்கை ஊழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். ஐபோன்களை நிர்வகிக்க ஆப்பிளிடம் பெறும் சான்றிதழை ஆண்டுக்கு ஒருமுறை அதே கணக்கில் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கணக்குக்காரர் வேலையை விட்டுப் போனால், புதுப்பிக்க முடியாமல் எல்லா ஐபோனையும் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டிவரும். மிலோ டின் கதை இன்னும் பெரிதாக நடக்கும்.

பிறகு ஓட்டுநர்களின் கைப்பேசிகளில் இருந்த படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் முழுவதும் அழித்தோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை நிறுவனத்தின் முழுக் கட்டுப்பாட்டில் கொண்டுவர வேண்டுமென்றால் புதுக் கைப்பேசி போல இருக்க வேண்டும். வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் கேமரா திறக்கும். மென்பொருள் கொடுக்கும் கியூஆர் குறியீட்டைக் காட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு கைப்பேசிக்குப் பத்து நிமிடம்.

விதிகளாக நான்கு வைத்தோம். திரைப்பூட்டு ஆறு இலக்கம். தேவையான செயலிகள் தானாக வந்து இறங்கும். அதிகாரபூர்வக் கடைக்கு வெளியிலிருந்து எந்தச் செயலியையும் ஏற்ற முடியாது. திருமண அழைப்பிதழ் என்று புலனத்தில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தவர்களின் செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள், அதற்கான தடுப்பு இது. நான்காவது, சொந்தக் கூகுள் கணக்கு எதையும் சேர்க்க முடியாது. மிலோ டின் இனி நிறையக்கூடாது அல்லவா?

இந்த நான்காவது விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்தபோது எனக்கு ஒரே பெருமை.

வேலை முடிந்ததும் அண்ணனுக்காக ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டினேன். 'போன் தொலைந்தால்' என்று தலைப்பு. ஒன்று, முழுவதும் அழி. இரண்டு, பூட்டு. மூன்று, இருப்பிடம் பார். நான்கு, மணி அடிக்க வை. என் மனத்தில் அந்த ஆறாவது கைப்பேசியும் அபராதத் தொகையும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் அந்த வரிசை.

மூன்று மாதம் எந்தச் சிக்கலும் இல்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை மாலை.

லோரி ஓட்டும் அங்கிள் ஒருவர், என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், மெர்லிமாவ் பக்கம் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கைப்பேசியைக் காணவில்லை என்று பார்த்தார். நேர்மையான மனிதர். உடனே இன்னொருவர் கைப்பேசியில் அண்ணனை அழைத்தார். அண்ணன் ஒரு கல்யாண வீட்டிலிருந்து ஓடிவந்து, கணினியைத் திறந்து, சுவரைப் பார்த்தார். முதல் வரி என்ன சொன்னதோ அதைச் செய்தார்.

நாற்பது நிமிடம் கழித்துக் கைப்பேசி கிடைத்தது. தே தாரிக் குடித்த மாமாக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், கடைக்காரர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். திரையில் பல மொழிகளில் 'வணக்கம்' ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கைப்பேசி போல.

அண்ணன் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

அங்கிளின் அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. பால்மரக் காட்டில் வளர்ந்தவர். அந்தக் காலத் தோட்ட வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து அனுப்புங்கள், நிகழ்ச்சியில் போடலாம் என்று அங்கிளிடம் கேட்டிருந்தது நான்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், பாட்டிக்குத் தேநீர் கொடுத்து, சிறுகச் சிறுகப் பதிவு செய்திருக்கிறார். மொத்தம் ஒன்பது பதிவுகள். எனக்கு அனுப்பியது இரண்டு. மீதியை 'நல்லா பேசினதா பார்த்து அனுப்பறேன் பாப்பா' என்று வைத்திருந்தார்.

ஏழும் போய்விட்டன. சேமிப்பு நகல் இல்லை. ஏன் இல்லை? கூகுள் கணக்கு இருந்தால்தானே படங்களும் புலன உரையாடல்களும் மேகக் கிடங்குக்குப் போகும்? சொந்தக் கணக்கைத் தடுத்தது யார்? நான்காவது விதி. அதை வைத்ததும் நான், சுவரில் தாளை ஒட்டியதும் நான், பதிவு செய்யச் சொன்னதும் நான். மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னதைச் செய்தது.

அங்கிளுக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "போகட்டும் பாப்பா. அது கம்பெனி போன்தானே" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. மூன்று மாதத்தில் ஒருமுறையாவது, 'இந்தப் போனில் இருப்பதை எந்த நேரமும் எங்களால் அழிக்க முடியும், உங்கள் சொந்தப் படங்களை வேறிடத்தில் வையுங்கள்' என்று அவரிடம் நாங்கள் சொல்லியிருந்தோமா? இல்லை. பன்னிரண்டு கைப்பேசிகளிடமும் பேசினோம். ஒன்பது ஓட்டுநர்களிடம் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்டோரில் எல்லாரையும் உட்கார வைத்தோம். கோப்பி, பீசாங் கோரேங். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு இளைய ஓட்டுநர் ஒருவர் கேட்டார்: "என் வீட்டம்மாகிட்ட பேசறதெல்லாம் பாஸ் கேட்பாரா?" எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மூன்று மாதமாக எல்லார் மனத்திலும் இருந்த கேள்வி அதுதான் என்று பிறகு தெரிந்தது. இரண்டு பேர் வீட்டுக்குப் போனதும் கைப்பேசியை அணைத்துவிடுவார்களாம்.

நான் சொன்ன பதில் இது. இந்த நிர்வாக முறைக்கு உங்கள் அழைப்பைக் கேட்கும் காது இல்லை. புலனத்தில் எழுதியதைப் படிக்கும் கண்ணும் இல்லை. என்ன செயலிகள் இருக்கின்றன, மின்கலம் எவ்வளவு, மென்பொருள் புதியதா பழையதா என்பவை தெரியும். கம்பெனியின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் கைப்பேசி என்றால், அமைத்து வைத்திருந்தால் இருப்பிடமும் தெரியும். ஆகவே அது கம்பெனி லோரி மாதிரி. அதில் உங்கள் சாமி படத்தை மாட்டலாம், வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்.

அன்று பேசி முடிவெடுத்தவற்றை ஒரே பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதினோம். மாலை ஆறு மணிக்கு மேல் இருப்பிடம் பதிவாகாது. தொலைந்தால் முதலில் மணி அடிக்கும், அடுத்து 'இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்ற வாசகத்தோடு பூட்டப்படும், அடுத்து இருப்பிடம். அழிப்பது கடைசி. அதையும் அண்ணன் தனியாகச் செய்யக்கூடாது, ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுத்தான். சொந்தப் படங்களை வாரம் ஒருமுறை அலுவலகக் கணினியில் தம் பெயர் போட்ட தனிக் கோப்பில் எடுத்துக்கொள்ளலாம். வேலையை விட்டால் திருப்பிக் கொடுக்க ஏழு நாள் அவகாசம், அதற்குள் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், அண்ணனும் போட்டார்.

தலைநகரில், ஜொகூரில், சிங்கப்பூரில் அலுவலக வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஏதோ ஒரு செயலியை ஏற்றச் சொல்வார்கள், நாமும் 'சம்மதம், சம்மதம்' என்று தட்டிக்கொண்டே போவோம். அன்று இரவு ஒருமுறை பாருங்கள். ஆண்ட்ராய்டில் சில செயலிகளின் மேல் சிறிய கைப்பெட்டிச் சின்னம் இருந்தால், அது தனி அறை. உங்கள் சொந்தக் கைப்பேசியில் அப்படி இருந்தால் நிறுவனத்தின் கை அந்த அறைக்குள் மட்டும்தான் நீளும். நீங்கள் விலகும்போது அந்த அறை மட்டும் காலியாகும், குடும்பப் படங்கள் அப்படியே இருக்கும். 'இக்கருவி உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது' என்று பூட்டுத் திரையில் வந்தால், முழு வீடும் அவர்களுடையது. ஐபோனில் அமைப்புகள், பொது, அதில் வி.பி.என். மற்றும் கருவி நிர்வாகம் என்ற இடத்தில் விவரம் இருக்கும்.

மேலாளரிடம் மூன்று கேள்வி கேட்கலாம், அதில் தப்பே இல்லை. என் கைப்பேசியில் எதை நீங்கள் பார்க்க முடியும்? எதை அழிக்க முடியும், யார் முடிவில்? நான் விலகும் நாளில் என்ன நடக்கும்? நல்ல நிறுவனம் இதற்கு எழுத்தில் பதில் கொடுக்கும். சொந்தக் கைப்பேசியையே முழுக் கட்டுப்பாட்டில் எடுக்க வேண்டும் என்று கேட்டால், தனிக் கைப்பேசி கொடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

போன வாரம் நானே ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு அங்கிள் வீட்டுக்குப் போனேன். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவன்கிட்ட சொன்னதெல்லாம் போயிருச்சா?"

"ஆமாம் பாட்டி. என்னாலதான்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "சரி, மொதல்ல சொன்னது சரியா ஞாபகம் இல்ல. இப்ப ஞாபகம் வர்றத சொல்றேன், எடுத்துக்க."

விடியற்காலைப் பெரட்டு, காண்டா விளக்கு, மங்குகளில் பால் நிறைவதற்குள் மழை வந்துவிட்டால் ஒருநாள் கூலி போன கதை, இரண்டு மணி நேரம் பேசினார். அங்கிள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஓர் இடத்தில் "இதை அன்னைக்கு வேற மாதிரி சொன்னாங்க" என்று என் காதில் மெல்லச் சொன்னார். அன்றைக்குச் சொன்னது எப்படி என்று கேட்டேன். அவருக்கும் முழுதாக நினைவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தப் பதிவை மூன்று இடங்களில் சேமித்தேன். நீங்கள் இதைப் படித்து முடித்ததும், உங்கள் கைப்பேசியில் இருக்கும் அம்மாவின் குரல், பாட்டியின் குரல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அந்தக் கைப்பேசி யாருடையது என்பதையும் சேர்த்து.

அடுத்த ஞாயிறு சந்திப்போம்.